மூழ்காத வனக்காவலர்

1970களின் தொடக்கம். தெற்கு ஜெர்மனியில் பவேரிய ஆல்ப்ஸ் மலைக்காடுகளில் ஒருவர் வனக்காவலராக இருந்தார். குளிர்காலத்திலும் பனிமூடிய சரிவுகளைக் கடந்தாக வேண்டிய வேலை. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பனிச்சரிவு அவரை வாரிக்கொண்டு போனது. பிழைத்து எழுந்தவருக்கு ஒரு சங்கதி புரியவில்லை. வேட்டையாடிய விலங்கைத் தோளில் சுமந்துவந்த நாட்களில், அவர் பனிக்கு மேலேயே கிடந்தார். பாரம் கூடினால் அமிழத்தானே வேண்டும்?

புதைவதும் புதையாததும் அங்கே உயிர்ப் பிரச்சினை. ஓடி நின்ற பனி, சிமென்ட் போல இறுகிவிடும். உள்ளே இருப்பவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. கால் மணி நேரத்துக்குள் தோண்டியெடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் மிஞ்சுவதே அரிது. அப்படியிருக்க, செத்த விலங்கு ஒன்று மனிதனை மேலே தூக்கியது எப்படி?

விடை நம் வீட்டு மிக்ஸர் டப்பாவிலேயே இருக்கிறது. குலுக்கக் குலுக்கத் தூள் அடியில் இறங்கும், வேர்க்கடலை மேலே வரும். உருண்டோடும் பனியும் அப்படித்தான்: சின்னக் கட்டிகள் இடுக்கு வழியே கீழே நழுவ, பெரியவை மேலே தள்ளப்படும். விலங்கைச் சுமந்த மனிதன் கனத்துப்போனவன் மட்டுமல்ல, பெருத்துப்போனவனும்கூட. காப்பாற்றியது அந்தப் பருமன். இந்தக் கதையிலேயே அழகான இடம் இதுதான் என்பேன். அந்த வனக்காவலர் முதலில் காலி கேன்களைக் கட்டிப் பார்த்தார், பிறகு பலூன்களை. யோசனை பலித்தது. ஆனால் ஊதிய பலூனோடு யார் மலையேறுவார்?

1980இல் பீட்டர் அஷாவர் என்ற ஜெர்மானியர் இந்த யோசனைக்கான காப்புரிமையை விலைக்கு வாங்கினார். பலூன் சுருண்டு கிடக்க வேண்டும். ஆபத்து வந்ததும் சில நொடிகளில் விரிய வேண்டும். அத்தனை வாயுவையும் உருளையில் அடைத்தால் முதுகு தாங்காது. சிறிய உருளையிலிருந்து சீறும் வாயு, வெளிக்காற்றையும் தன்னோடு உள்ளே இழுத்துக்கொள்ளும்படி செய்ததில் முடிச்சு அவிழ்ந்தது. 1985இல் மியூனிக் விளையாட்டுப் பொருள் கண்காட்சியில் அந்தப் பலூன் கருவி அறிமுகமானது. 1996இல் ஒற்றைப் பலூன் இரண்டானது. கொள்ளளவு மொத்தம் சுமார் 150 லிட்டர்.

இன்று ஆள்நடமாட்டமற்ற பனிமலைகளில் சறுக்கப் போகிறவர்கள் பலர் முதுகில் மாட்டிக்கொள்ளும் ஏர்பேக் பையின் பிறப்பு இதுதான். 2014இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பெரிய பனிச்சரிவில் சிக்கியவர்களின் மரண வாய்ப்பை விரிந்த பை 22 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைத்தது. அதே ஆய்வில் ஐந்தில் ஒரு பை விரியவே இல்லை. பெரும்பாலும் கருவி பழுதாகவில்லை. கைப்பிடியை இழுக்க வேண்டிய கை இழுக்கவில்லை.