அடைமானமும் இன அடையாளமும்: அந்தமான் நிக்கோபார் தீவுகளின் 1956ஆம் ஆண்டு ஒழுங்குவிதியை முன்வைத்து

முன்னுரை

நிலத்தை ஈடாக வைத்துக் கடன் பெறுதல் வீடு கட்டுவோர்க்கும் உழவர்க்கும் இன்றியமையாத பொருளியல் உரிமையாகும். அவ்வுரிமையில் இன அடையாளம் இருவகையாக இடம்பெறுகிறது. ஓர் இனத்தார்க்குக் கடனை மறுத்து ஒதுக்குதல் ஒருவகை; ஓர் இனத்தாரின் நிலம் கடன் வழியாகப் பிறர் கைக்குச் செல்லாமல் காத்தல் மற்றொரு வகை. முன்னதை எதிர்த்து அமெரிக்க ஐக்கிய நாட்டில் வழக்குகள் நிகழ்ந்தன. பின்னதற்கு அந்தமான் நிக்கோபார் தீவுகள் சான்றாகின்றன. இவ்விரண்டையும் ஒப்புநோக்கித் தீவுப் பழங்குடியினரின் நிலக்காப்பு எத்துணை உறுதியுடையது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒதுக்கலை எதிர்த்த வழக்குகள்

அமெரிக்காவில் 1933இல் தோற்றுவிக்கப்பட்ட வீட்டுரிமையாளர் கடன் கழகம், நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு நிறத்தால் குறித்து, அவற்றைக் கடன் வழங்குவதற்கு ஆபத்தான பகுதிகளாக வகைப்படுத்தியது. 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் வீட்டுக்கடனில் இனப்பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. எனினும் கடன் பாகுபாட்டை ஒரு நிறுவனத்தின் தொடர் வழக்கமாகக் காட்டி நீதித்துறை தொடுத்த முதல் வழக்கு 1992இல்தான் வந்தது. அட்லாண்டாவின் டெக்கேட்டர் பெடரல் நிறுவனத்துக்கு எதிரான அவ்வழக்கில், கடன் மறுக்கப்பட்ட 48 கறுப்பினத்தார்க்கு 10 இலட்சம் டாலர் வழங்க உடன்பாடு ஏற்பட்டது. ஒத்த தகுதியுடைய வெள்ளையரைவிடக் கறுப்பின, இசுப்பானியக் கடனாளிகளிடம் மிகுதியாகப் பெற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கன்ட்ரிவைடு நிறுவனம், 2011இல் 33.5 கோடி டாலர் வழங்க உடன்பட்டது. இவ்வழக்குகள் அனைத்தும் இனக்கோட்டை அழிப்பதையே நோக்கமாகக் கொண்டவை.

காப்புக்காக வரையப்பட்ட கோடு

நிக்கோபார் தீவுகளின் பொருளியல் தென்னையைச் சார்ந்தது. 1869இல் ஆங்கிலேயர் இத்தீவுகளைக் கைக்கொண்ட பின்னரும், வெளியிலிருந்து வந்த வணிகர் துணி, அரிசி முதலிய பண்டங்களை முன்னதாகக் கொடுத்து, பின்னர் தேங்காயாகவும் கொப்பரையாகவும் ஈடுசெய்துகொள்ளும் முறை தொடர்ந்தது. இத்தகைய முன்கொடைக் கடனில் நிலமும் மரமும் கைமாறும் வாய்ப்பு உண்டு என்பது வெளிப்படை.

இப்பின்னணியில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி, 1956 நோக்கத்தக்கது. காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில், பழங்குடியினர் அல்லாதார் தலைமை ஆணையரின் முன்னிசைவின்றி நிலத்திலோ, நிலத்தின் விளைபொருளிலோ எவ்வித உரிமையும் பெறல் கூடாது என்பது அதன் சாரம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், அடைமானத்தை அசையாச் சொத்திலுள்ள ஓர் உரிமையின் மாற்றமாகவே வரையறுக்கிறது. ஆகவே வங்கிக்கு நிலத்தை ஈடாக்குவதும் இத்தடைக்குள் அடங்கும். நிக்கோபாரியரிடையே நிலம் துஹெத் எனப்படும் கூட்டுக்குடும்பத்தின் பொது உடைமையாக இருத்தலால், தனியொருவர் அதனை ஈடாக்குதல் வழக்காற்றின்படியும் அரிதாகும்.

தமிழகத்தில் 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிபந்தனையுடன் வழங்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களும் பிறர்க்கு மாற்றப்படுவதைத் தடுக்கும் இத்தகைய கட்டுப்பாட்டைக் கொண்டிருந்தமை ஒப்புநோக்கத்தக்கது.

இக்கோடு வலியவரையும் எளியவரையும் பிரித்தறிவதில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாத்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழ்க் குடும்பங்களும், கொப்பரை வணிகரைப் போலவே, சட்டத்தின் பார்வையில் பழங்குடியினர் அல்லாதாரே ஆவர்.

அரசமைப்பின் நிலை

அரசமைப்பின் 15ஆம் உறுப்பு இனத்தின் பெயரால் அரசு வேறுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. எனினும் 1951ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 15(4) பட்டியல் பழங்குடியினர்க்குச் சிறப்பேற்பாடு செய்ய வழிவிடுகிறது. 19(5) அவர்தம் நலங்காக்க, நடமாட்டத்துக்கும் குடியிருப்புக்கும் உரிய உரிமைகளில் நியாயமான கட்டுப்பாடுகளை ஏற்கிறது. ஆகவே இந்தியச் சட்டம் இனக்கோட்டையே குற்றமெனக் கருதவில்லை. அக்கோடு யாருடைய நலத்துக்கு வரையப்பட்டது என்றே வினவுகிறது.

திரிபுரா வழக்கு தரும் எச்சரிக்கை

இக்காப்பு வங்கிச் சட்டத்தோடு மோதும்போது நிகழ்வதை 2016ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு காட்டுகிறது. திரிபுரா மாநிலத்தின் 1960ஆம் ஆண்டு நிலச்சட்டம், பழங்குடியினர் வங்கியில் ஈடு வைத்த நிலத்தைப் பழங்குடியினர்க்கே விற்க வேண்டும் எனக் கட்டுப்படுத்தியது. யூகோ வங்கி தொடர்பான வழக்கில், வாராக்கடன் மீட்புக்காக நாடாளுமன்றம் இயற்றிய 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டமே மேலோங்கும் என நீதிமன்றம் முடிவு செய்தது. வங்கித் துறை நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பது அதன் அடிப்படை. பழங்குடியினர்க்குக் கடன்வழி திறந்திருந்தது. அவ்வழியாகவே நிலம் வெளியேறவும் இடம் ஏற்பட்டது.

இத்தீர்ப்பை நிக்கோபாருக்கு அவ்வாறே பொருத்த இயலாது. திரிபுராச் சட்டம் மாநிலச் சட்டம். குடியரசுத் தலைவரின் ஒழுங்குவிதியோ நாடாளுமன்றச் சட்டத்துக்கு இணையான வலிமை உடையது. மேலும், திரிபுராவில் அடைமானம் ஏற்கப்பட்டு விற்பனையே கட்டுப்படுத்தப்பட்டது. நிக்கோபாரில் முன்னிசைவின்றி அடைமானமே தோன்றாது. எனவே தீவினரின் காப்பு நீதிமன்றத்தில் வந்து நிற்பதற்கு முன்னரே, இசைவு வழங்கும் அலுவலரின் கையில் நிற்கிறது எனலாம்.

முடிவுரை

அமெரிக்கக் கறுப்பினத்தார் கடன் மறுக்கப்பட்டதால் வீட்டை இழந்தனர். திரிபுராப் பழங்குடியினரோ கடன் பெற்றதால் நிலத்தை இழக்கும் நிலைக்கு உள்ளாயினர். ஆகவே சமத்துவம் என்பது எல்லார்க்கும் ஒரே அடைமானப் பத்திரம் வழங்குவதாகாது. அதேவேளை காப்பின் விலை முழுவதையும் காக்கப்படுவோரே செலுத்துவதும் முறையன்று. நிலத்தை ஈடாகக் கேளாத கூட்டுறவுக் கடனும், துஹெத் அமைப்பின் கூட்டுப் பொறுப்பில் வழங்கப்படும் கடனும், அரசு உறுதிப்பாடும் இவ்விடைவெளியை நிரப்பத்தக்கன. நிலத்தடையைத் தளர்த்தாமலேயே கடன்வழியைத் திறத்தல் வேண்டும் என்பதே இவ்வொப்பீட்டால் பெறப்படும் முடிவாகும்.