கையடக்க விளையாட்டுக் கருவிகளின் பூட்டும் சாவியும்
நின்டெண்டோ 1989இல் வெளியிட்ட கேம் பாய் கருவியில் மறையாக்கம் கிடையாது. காவலுக்கு இருந்தது ஒரு சின்னம்தான். கருவியை இயக்கியதும் அதன் 256 பைட் தொடக்க நிரல், கார்ட்ரிட்ஜில் நின்டெண்டோவின் சின்னம் பதிந்திருக்கிறதா என்று பார்க்கும். 48 பைட் அளவுள்ள அந்தப் படம் சற்றே மாறியிருந்தாலும் விளையாட்டு தொடங்காது. படத்தை நகலெடுப்பது எளிது. நகலெடுத்தவர்மீது வணிகச் சின்ன வழக்குத் தொடுக்கலாம் என்பதே அதன் பலம்.

அந்தப் பலம் 1992இல் குறைந்தது. சேகாவின் ஜெனிசிஸ் கருவியில் இருந்த இதே வகைச் சோதனையைத் தாண்டி விளையாட்டுகளை விற்ற அக்கோலேட் நிறுவனத்துக்கு ஆதரவாக அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2000இல் அதே நீதிமன்றம், பிளேஸ்டேஷன் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரை உருவாக்கிய கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கும் சோனிக்கு எதிராக இடம் கொடுத்தது. எமுலேட்டர் எழுதுவோர் இன்றும் நம்பி நிற்பது இந்த இரண்டு தீர்ப்புகளைத்தான்.

ஆனால் 1998இல் வந்த அமெரிக்க டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம், மறையாக்கம் போன்ற தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையும் அதற்கான கருவியைப் பரப்புவதையும் தனியே தடைசெய்திருந்தது. கருவிகளும் அதற்கேற்ப மாறின. 2004இல் வந்த நின்டெண்டோவின் டிஎஸ், புளோஃபிஷ் என்ற மறையாக்க முறையைக் கையாண்டது. 2011இல் வந்த 3டிஎஸ்ஸில் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையின் சாவிகள் வன்பொருளுக்குள்ளேயே அடைபட்டன. மென்பொருள் அவற்றைப் பயன்படுத்தலாம், திருப்பிப் படிக்க முடியாது. 2017இல் வந்த ஸ்விட்ச்சும் அதே வழியில் சென்றது. மறு ஆண்டு ஏப்ரலில் அதன் டெக்ரா சிப்பின் தொடக்க நிரலில் ஒரு பிழை வெளிச்சத்துக்கு வந்தது. மாற்ற முடியாத நினைவகத்தில் அது இருந்ததால், விற்றுப்போன கருவிகளில் அதைத் திருத்த வழியில்லை. கருவி வைத்திருப்போர் தம் சாவிகளைத் தாமே எடுத்துக்கொள்ள முடிந்தது.

யுசு என்ற ஸ்விட்ச் எமுலேட்டர் சாவிகள் எதையும் தன்னுள் வைத்திருக்கவில்லை. பயனரே கொண்டுவர வேண்டும். அப்படியிருந்தும், அனுமதியின்றி விளையாட்டின் மறையாக்கத்தை அவிழ்ப்பதே சட்டமீறல் என்று வாதிட்டு, 2024 பிப்ரவரியில் ரோட் ஐலண்ட் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நின்டெண்டோ வழக்குத் தொடுத்தது. சொந்தக் கருவியில் எடுத்த சாவியால் சொந்த விளையாட்டை அவிழ்ப்பது குற்றமா என்ற கேள்விக்கு நீதிபதி விடை சொல்லும் வாய்ப்பு அங்கே இருந்தது. ஒரே வாரத்தில் 24 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு யுசு தரப்பு இணங்கியதால் அந்த வாய்ப்பு போனது. இழப்பு பெரிது. அச்சம் மட்டும் எஞ்சியது, தீர்ப்பு கிடைக்கவில்லை.

அதே குழுவின் சிட்ரா என்ற 3டிஎஸ் எமுலேட்டரும் அத்துடன் நின்றது. 3டிஎஸ்ஸின் இணையக் கடை அதற்கு ஓராண்டு முன்பே, 2023 மார்ச்சில், விற்பனையை நிறுத்திவிட்டிருந்தது. இப்படிக் கடையில் கிடைக்காமல் போன பழைய விளையாட்டுகளைக் காப்பதற்காகப் பூட்டை அவிழ்க்க நூலகங்களுக்கு அமெரிக்கச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அந்த விளையாட்டுகளை நூலக வளாகத்துக்குள் மட்டுமே பார்க்க முடியும். வெளியிலிருந்தும் ஆய்வாளர்கள் அணுக அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையைப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் ஏற்க மறுத்தது.