தலைமை அலுவலகம் இல்லாத தோழர்கள்

போன வாரம் பழைய பெட்டியைக் குடைந்தபோது ‘சோவியத் நாடு’ இதழ் ஒன்று கிடைத்தது. நம் வயதுக்காரர்களுக்கு அந்த வழவழப்பான தாள் மறந்திருக்காது. படித்தவர்களைவிட அதைக் கிழித்துப் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட்டவர்களே அதிகம். நானும் போட்டிருக்கிறேன். என் பெரியப்பா மட்டும் ஒரு இதழைக்கூடக் கிழிக்க விடமாட்டார். இந்தக் கட்டுரை அவரால்தான்.

பெரியப்பா மில்லில் நெசவாளி. 1936 ஜூலை 30-ஆம் தேதி சவானா மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தபோது அவருக்கு வயது பதின்மூன்று. அப்போதே மில்லில் எடுபிடி வேலையில் இருந்தார். அப்போது பாரிஸில் இருந்தது கம்யூனிஸ்டுகளின் ஆதரவோடு அமைந்த மக்கள் முன்னணி அரசு. தோழர் வ. சுப்பையா அங்கே போய் வாதாடியதும், 1937-இல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்ததும் நம் ஊரில் பலருக்கும் தெரிந்த கதை. பெரியப்பாவைப் பொறுத்தவரை அது கதை அல்ல, கண்ணால் கண்டது. “பாரிஸுல நம்மாளுங்க இருந்தாங்க, அதனால நமக்கு இங்க எட்டு மணி நேரம் கெடைச்சுது” என்பார். சர்வதேசியம் என்பதற்கு அவர் கொண்ட பொருள் அவ்வளவுதான்.

நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். பிறகு அரசாங்க குமாஸ்தா. கட்சியில் சேரவில்லை, சேரவும் முடியாது. ஆனால் பிரெஞ்சுப் பத்திரிகை படித்துச் சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. நூலகத்தில் ‘லெ மோந்த்’ சில நாள் தாமதமாகக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முக்கியமான செய்திகளைத் தமிழில் சொல்வேன்.

1991 டிசம்பர் 25-ஆம் தேதி கிரெம்ளினில் செங்கொடியை இறக்கினார்கள். அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு, “முடிஞ்சு போச்சு பெரியப்பா” என்றேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “அது சரிப்பா, மத்தவங்கல்லாம் என்ன பண்றாங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உலகமே முடிந்தது என்று எழுதிக்கொண்டிருந்தபோது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எந்தப் பத்திரிகை எழுதும்?

அந்தக் கேள்விக்கு ஒரு குமாஸ்தா பதில் சொல்லும் முறையில் இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

1919-இல் மாஸ்கோவில் மூன்றாவது அகிலத்தை லெனின் தொடங்கினார். அது உலகம் முழுவதற்கும் ஒரே கட்சி போல. மாஸ்கோ தலைமை அலுவலகம், மற்ற நாட்டுக் கட்சிகள் கிளைகள். சேர விரும்பும் கட்சிக்கு 1920-இல் 21 நிபந்தனைகள் விதித்தார்கள். அதை ஏற்பதா வேண்டாமா என்று பிரெஞ்சு சோஷலிஸ்டுகள் 1920 டிசம்பரில் தூர் நகரில் கூடி விவாதித்துப் பிரிந்தார்கள். பிரெஞ்சு கம்யூனிஸ்ட் கட்சி பிறந்தது அங்கேதான். அந்த மாநாட்டில் எழுந்து காலனி மக்களுக்காகப் பேசிய இளைஞர் ஒருவர் பின்னால் ஹோ சி மின் என்று பெயர் பெற்றார். சைகோனுக்குப் போய் வந்த குடும்பங்கள் நிறைந்த நம் ஊரில் அந்தப் பெயரை அறியாதவர் உண்டா?

தலைமை அலுவலகம் இருந்தால் வசதியும் உண்டு, தொல்லையும் உண்டு. பணம் வரும், புத்தகம் வரும், பயிற்சி கிடைக்கும். கூடவே சுற்றறிக்கையும் வரும். உள்ளூர் நிலவரம் தெரியாமல் எழுதிய சுற்றறிக்கையை வைத்துக்கொண்டு கிளை அலுவலகம் படும் பாடு எனக்கு நன்றாகத் தெரியும். 1943-இல் போர்க்காலத்தில் ஸ்டாலின் அகிலத்தைக் கலைத்தார். 1947-இல் ‘கொமின்ஃபார்ம்’ என்று சிறிய அமைப்பு வந்தது. மறு வருடமே யூகோஸ்லாவியாவை வெளியேற்றியது. 1956-இல் அதுவும் மூடப்பட்டது. 1960-இல் மாஸ்கோவில் 81 கட்சிகள் கூடின. அடுத்த பெரிய கூட்டம் 1969-இல், 75 கட்சிகளோடு. அதில் சீனா இல்லை. இடையில் நம் நாட்டிலேயே 1964-இல் கட்சி இரண்டானதை நாம் பார்த்தோம். பெரியப்பாவும் அவருடைய உயிர்த்தோழர் ஒருவரும் ஒரே தெருவில் இருந்துகொண்டு ஆறு மாதம் பேசாமல் இருந்தார்கள்.

ஆகவே சோவியத் யூனியன் விழுந்தபோது கூடவே விழுந்தது ஏற்கெனவே விரிசல் கண்ட ஒரு வீடு. ஆனாலும் அடி பலமானது. பிராகாவிலிருந்து 1958 முதல் பல மொழிகளில் வந்துகொண்டிருந்த அவர்களுடைய பொதுப் பத்திரிகை 1990-இல் நின்றது. மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய கம்யூனிஸ்ட் கட்சி இத்தாலியுடையது. 1976 தேர்தலில் 34 சதவீதம் வாக்கு வாங்கிய கட்சி. அது 1991 பிப்ரவரியில் ரிமினி நகரில் கூடித் தன்னைத் தானே கலைத்துப் பெயரை மாற்றிக்கொண்டது. மனம் ஒப்பாதவர்கள் பிரிந்து வேறு கட்சி கட்டினார்கள். அதே வருடம் நவம்பரில் ரஷ்யாவில் எல்த்சின் கம்யூனிஸ்ட் கட்சியையே தடை செய்தார். பிரெஞ்சுக் கட்சி பெயரை விடவில்லை, ஆனால் வாக்குகள் விட்டுப் போயின. ஜனாதிபதித் தேர்தலில் 1981-இல் 15 சதவீதம், 1995-இல் 8.6, 2002-இல் 3.4. இந்தக் கணக்கை நான் பெரியப்பாவிடம் முழுதாகச் சொன்னதில்லை.

சரி, மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

முதலில் அவர்கள் செய்தது, ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்தது. 1990 ஜூலையில் பிரேசிலின் தொழிலாளர் கட்சி சாவ் பாவ்லோ நகரில் லத்தீன் அமெரிக்க இடதுசாரிகளைக் கூட்டியது. கியூபக் கட்சியும் அதில் இருந்தது. 1992 ஏப்ரலில் பல நாட்டுக் கட்சிகள் பியோங்யாங்கில் கூடி, சோஷலிசத்தை விடமாட்டோம் என்று அறிக்கை வெளியிட்டன. 1993 மே மாதம், மார்க்ஸ் பிறந்த 175-ஆம் ஆண்டில், கல்கத்தாவில் மார்க்சிஸ்ட் கட்சி ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடத்தியது. உலக நிலைமை என்ன, மார்க்சியம் இன்னும் செல்லுமா என்பதுதான் தலைப்பு. தலைப்பிலேயே கேள்வி இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. முப்பது வருடம் முன்பு அப்படி ஒரு தலைப்பு வைக்க யாருக்கும் துணிவு வந்திருக்காது.

பேச்சு மட்டும் இல்லை. சோவியத் எண்ணெய் நின்றதால் கியூபா அப்போது இருட்டில் கிடந்தது. பஸ் ஓடவில்லை, ரொட்டிக்குப் பஞ்சம். அமெரிக்கத் தடை வேறு. ஹர்கிஷன் சிங் சுர்ஜித் முன்னின்று கியூபாவுக்காக இங்கே கோதுமை திரட்டினார். 10,000 டன் கப்பலில் போயிற்று. நரசிம்ம ராவ் அரசும் தன் பங்குக்குத் தானியம் கொடுத்தது. எங்கள் தெருவுக்கும் உண்டியல் வந்தது. பெரியப்பா இருபது ரூபாய் போட்டார். சோப்பும் அனுப்புகிறார்களாம் என்று கேள்விப்பட்டு, அலமாரியிலிருந்து பிரிக்காத சோப்புக்கட்டி ஒன்றை எடுத்து வந்து, “இதையும் அனுப்பச் சொல்லுப்பா” என்று என் கையில் வைத்தார். நான் அதை உண்டியல்காரர்களிடம் கொடுத்தேன். அது ஹவானா போனதா, வழியில் யாராவது குளித்துவிட்டார்களா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் அன்று அவர் முகத்தில் 1991-க்குப் பிறகு முதல் தடவையாக ஒரு தெளிவைப் பார்த்தேன். மாஸ்கோ கொடுத்து நாம் வாங்கிய காலம் போய், நாம் கொடுக்கும் காலம் வந்தது என்று அவர் நினைத்திருக்கலாம்.

1998-இல் கம்யூனிஸ்ட் அறிக்கைக்கு வயது 150. அந்த மே மாதம் கிரேக்கக் கம்யூனிஸ்ட் கட்சி பல நாட்டுக் கட்சிகளை ஏதென்ஸுக்கு அழைத்தது. அன்று முதல் பெரும்பாலும் வருடம் ஒரு முறை அந்தக் கூட்டம் நடக்கிறது. 2005 வரை ஏதென்ஸ், பிறகு ஊர் ஊராக: 2006 லிஸ்பன், 2007 மின்ஸ்க், 2008 சாவ் பாவ்லோ. 2009 நவம்பரில் நம் டெல்லி. அதை இந்தியாவின் இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் சேர்ந்து நடத்தின. ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்சிகள் வந்தன. 2016-இல் ஹனாய், 2022-இல் ஹவானா.

இந்தக் கூட்டத்துக்கு நிரந்தரத் தலைமை கிடையாது. நிபந்தனைகளும் கிடையாது. ஒவ்வொரு கட்சியும் தன் நாட்டு அனுபவத்தைச் சொல்லும்: வேலைநிறுத்தம், தேர்தல், தோல்வி எல்லாம். சில கட்சிகள் சேர்ந்த குழு ஒன்று அடுத்த கூட்டத்துக்கு ஏற்பாடு செய்யும். பொது அறிக்கை எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் வரும். யாரும் யாரையும் நீக்க முடியாது. ஆளும் கட்சியான வியட்நாமும், நாடாளுமன்றத்தில் ஒரு இடம்கூட இல்லாத கட்சியும் ஒரே மேசையில். என் அலுவலக மொழியில் சொன்னால், தலைமை அலுவலகத்தை மூடிய பிறகு கிளைகள் ஒன்றுக்கொன்று நேரடியாகக் கடிதம் எழுதிக்கொள்ளத் தொடங்கின.

இதில் குறையே இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். முதல் குறை, ஒற்றுமை பெயரளவில்தான். 2004 மே மாதம் ரோமில் ‘ஐரோப்பிய இடதுசாரிக் கட்சி’ உருவானபோது பிரெஞ்சுக் கட்சி சேர்ந்தது. கிரேக்கக் கட்சியும் போர்ச்சுகீசியக் கட்சியும் சேரவில்லை. ஐரோப்பிய யூனியனை உள்ளிருந்து திருத்தலாம் என்று ஒரு சாரார், அது முதலாளிகளின் சங்கம், திருத்த முடியாது என்று மறு சாரார். உக்ரைன் போரில் பிளவு இன்னும் ஆழம். ரஷ்யக் கட்சி தன் அரசை ஆதரிக்கிறது. கிரேக்கக் கட்சியோ இரு பக்கமும் ஏகாதிபத்தியப் போர் என்கிறது. ஒரே மேசையில் உட்காரலாம், ஆனால் இதை எப்படி ஒரே அறிக்கையில் எழுதுவது?

இரண்டாவது குறை எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. அனுபவப் பரிமாற்றம் என்றால் நல்லதை மட்டும் பரிமாறுவதல்ல. சோவியத் ஏன் விழுந்தது என்று கேட்டால், வெளிப்பகை, உள்துரோகம் என்று பல அறிக்கைகள் சொல்லும். மக்கள் ஏன் தெருவுக்கு வந்து அந்த ஆட்சியைக் காக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமாகவே இருக்கும். விருந்தாளியாகப் போன வீட்டில் வீட்டுக்காரரின் குறையைச் சொல்வது நாகரிகமல்ல என்பது போல, ஆளும் கட்சிகளின் சிறைகளைப் பற்றியும் தணிக்கையைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை. பழைய நாளில் தலைமை அலுவலகத்துக்குப் பயந்து கேட்கவில்லை. இப்போது மரியாதைக்காகக் கேட்பதில்லை. விளைவு ஒன்றுதானே?

2005 செப்டம்பரில் மகன் வீட்டுக்குப் பாரிஸ் போயிருந்தபோது ‘லுமானித்தே’ திருவிழாவுக்குப் போனேன். பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் பத்திரிகைக்கு நிதி சேர்க்க 1930 முதல் நடக்கும் விழா அது. மேளம், பாட்டு, புத்தகம், சாப்பாடு. ஒரு மூலையில் பல நாட்டுக் கட்சிகளின் கூடாரங்கள். ஒன்றில் ரம் கலந்த பானம், பக்கத்தில் வியட்நாம் பொரியல், அதற்கடுத்து ஒரு முதியவர் துண்டுப் பிரசுரத்தோடு தனியாக நின்றார். அவர் கட்சிக்கு அவர் நாட்டில் செல்வாக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவரும் வந்தவர்களிடம் எல்லாம் சளைக்காமல் பேசிக்கொண்டிருந்தார். அப்போது பெரியப்பா நினைவுக்கு வந்தார்.

அவர் 1999-இல் காலமானார். அதற்கு முந்தைய வருடம் ஏதென்ஸ் கூட்டத்தைப் பற்றிச் சொன்னபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “யாரு தலைவரு?” தலைவர் யாரும் இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்தார். “அப்ப சண்ட போட்டுக்குவாங்களே?” என்றார். “போட்டுக்குவாங்க” என்றேன். “பரவால்ல, பேசாம இருக்கறதுக்கு அது மேல்” என்றார். தெருக்கோடி நண்பரோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தவர் சொன்ன வார்த்தை அது.

“முடிஞ்சு போச்சு” என்று 1991-இல் நான் சொன்னது அவசரம். முடிந்தது ஒரு அலுவலகம். அதன் சுவரோடு தங்கள் வாழ்க்கையும் இடிந்துவிட்டதா என்று உலகம் முழுவதும் பெரியப்பா போன்றவர்கள் பயந்தார்கள். 1936-இல் இறந்த அந்த 12 பேருடைய எட்டு மணி நேரம் மாஸ்கோவோடு போகவில்லை என்பதை அன்று திண்ணையில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றவில்லை. இன்று எழுதுகிறேன்.

கியூபாவுக்குக் கோதுமை திரட்டிய நாட்களில் உண்டியல் ஏந்தியவர்கள் இதைப் படிப்பவர்களில் இருக்கலாம். அந்தச் சோப்புக்கட்டி எங்கே போயிற்று என்று தெரிந்தால் சொல்லுங்கள்.