பலாலியில் இறங்கிய இரண்டு விமானங்கள்

பலாலி விமானத்தளத்தின் வரலாற்றை நம்மவர்கள் பெரும்பாலும் 1947 டிசெம்பர் 10 இலிருந்தே தொடங்குவார்கள். இரத்மலானையிலிருந்து புறப்பட்ட எயார் சிலோனின் டகோட்டா விமானம் அன்று இங்கு இறங்கிச் சென்னைக்குப் பறந்தது. ஆனால் அதற்கு முன்னரே இந்த ஓடுபாதைக்கு வேறொரு வரலாறு உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் இது. படையினர் அதைக் காங்கேசன்துறைத் தளம் என்றே குறிப்பிட்டனர். 1944 இன் பிற்பகுதியில் 160 ஆம் அணியும், 1945 இன் தொடக்கத்தில் 203 ஆம் அணியும் லிபரேற்றர் விமானங்களுடன் இங்கு நிலைகொண்டன. நான்கு இயந்திரங்கள் கொண்ட அந்தக் கனரக விமானங்கள் வங்காள விரிகுடாவுக்கு மேலே நெடுந்தூரம் பறந்து கண்காணித்தன.

டகோட்டாவில் இருந்தவை இரண்டு இயந்திரங்கள். ஆயினும் இரு விமானங்களிலும் இருந்தது ஒரே குடும்பத்து இயந்திரந்தான்: 14 உருளைகள் கொண்ட பிராட் அன்ட் விட்னி 'ட்வின் வாஸ்ப்'. உலகில் 1,73,000 இற்கும் மேல் உற்பத்தியானது அது. வேறுபாடு, அவை காற்றை உள்வாங்கிய விதத்தில் இருந்தது.

ஏறத்தாழ 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியாகிவிடும். காற்றுக் குறைந்தால் எரிபொருள் எரிவதும் குறையும், வலுவும் குறையும். இதை ஈடுசெய்ய டகோட்டாவில் இயந்திரத்தின் சுழல்தண்டே பற்சக்கரங்கள் வழியாக ஓர் அமுக்கியைச் சுழற்றியது. தாழப் பறந்து கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை என்று பயணிகளை ஏற்றிச் செல்ல அது போதும்.

பெருஞ்சுமையுடன் எழும்பி, தேவையானால் மிக உயரத்துக்கும் ஏற வேண்டிய லிபரேற்றருக்கு அது போதாது. எனவே அந்த அமுக்கியோடு, வீணே வெளியேறும் சூடான புகையால் சுழலும் டர்போசார்ஜர் ஒன்றும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் சேர்க்கப்பட்டது. அது அழுத்திய காற்று, குளிர்விப்பானூடாக இயந்திரத்துக்குச் சென்றது.

இங்கேதான் கட்டுப்பாடு முக்கியமாகிறது. புகைக்குழாயில் ஒரு கதவு. அது மூடினால் புகை முழுவதும் சுழலியை நோக்கிப் பாயும். திறந்தால் வெளியே தப்பிவிடும். விமானம் ஏற ஏறக் கதவு மூடவேண்டும், இறங்கும்போது திறக்கவேண்டும். அழுத்தம் மிஞ்சினால் உருளைக்குள் எரிபொருள் முறைதவறி வெடித்து இயந்திரம் சிதையும். மிக உயரத்திலோ சுழலி அளவுக்கு மீறிய வேகத்தில் சுழலும் அபாயமும் உண்டு. முதலில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கிய சீராக்கிகள் இவ்வேலையைச் செய்தன. பின்னர் வந்த லிபரேற்றர்களில் மின்னணுக் கருவி அதை ஏற்றது. 0 முதல் 10 வரை எண்ணிட்ட ஒரே குமிழைத் திருப்பி விமானி நான்கு இயந்திரங்களையும் ஆண்டார். வழக்கமான புறப்பாட்டுக்கு 8. அதற்கு மேற்பட்டவை அவசரத்துக்கு மட்டும்.

போர் முடிந்தது, லிபரேற்றர்கள் போயின. அவர்கள் விட்டுச்சென்ற தளத்தில் டகோட்டா இறங்கியது. நாம் நினைவில் வைத்தது அதை மட்டுந்தான்.

ஆனால் இராணுவத்துக்காகப் பிறந்த தளம், பின்னொரு போரில் மீண்டும் இராணுவத்தளமே ஆயிற்று. 1990 இல் பலாலி, மயிலிட்டி முதலான வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் பெயர்க்கப்பட்டார்கள். அவர்களின் காணிகள், போர் ஓய்ந்த பின்னரும் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. 2019 ஒக்ரோபர் 17 அன்று அதே இடம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னைக்கான சேவை 2020 இல் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டது.

பலாலியின் கதையை டகோட்டாவிலிருந்து தொடங்கினால் அது பயணத்தின் கதை. லிபரேற்றரிலிருந்து தொடங்கினால்தான் அந்த மண் யாருக்காக, எதற்காக எடுக்கப்பட்டது என்ற கேள்வியும் சேர்ந்து வரும்.