பூவிருந்தவல்லியின் பட்டாளம்

திருக்கச்சி நம்பிகள் அவதரித்த தலமாக வைணவர்கள் போற்றும் பூவிருந்தவல்லிக்கு, அதிகம் பேசப்படாத மற்றொரு முகமும் உண்டு.

இவ்வூரைச் சூழ்ந்த நிலப்பகுதியை ஆற்காட்டு நவாப் முகமது அலி 1750-ல் ஆங்கிலக் கம்பெனிக்கு அளித்தார். சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பெருவழியில் நின்றதால், கர்நாடகப் போர்களின் காலத்தில் இங்கிருந்த கோட்டை முக்கியத்துவம் பெற்றது. பின்னர் இது படைமுகாம் ஆயிற்று. கப்பலில் வந்திறங்கிய வெள்ளைச் சிப்பாய்கள் இங்குத் தங்கவைக்கப்பட்டனர். நோயுற்றோர் இங்கே உடல் தேறினர்.

பட்டாளம் போய்விட்டது. 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்ததும் அருகிலுள்ள ஆவடியில்தான். இங்கே எஞ்சியிருப்பது ‘கண்டோன்மென்ட்’ என்னும் பெயரே.

கோயிலுக்குத் தலபுராணம் உண்டு. கடல் கடந்து வந்து நோயில் கிடந்த சிப்பாய்க்கும், அவனுக்குச் சோறாக்கிய உள்ளூர்க்காரருக்கும் அது இல்லை. ஊர் வரலாறு எழுதுவோர் அவ்விருவருக்கும் இடம் தரவேண்டும்.