உண்ணிச்செடியை வெட்டினா மட்டும் காடு திரும்பிடுமா?

ஓசூர் பக்கம் மத்திகிரியைத் தாண்டி தேன்கனிக்கோட்டை ரோட்டுல போனா, தொழிற்சாலைகள் குறைஞ்சு காடு தொடங்கும். 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு சரணாலயம் இந்தப் பக்கம்தான். பரப்பு சுமார் 504 சதுர கிலோமீட்டர்.

பச்சையா தெரியுற எல்லாமே காடு இல்லைங்க. அழகுச்செடியா வெளிநாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி (லாண்டானா) அடர்ந்துட்டா, கீழே புல் வளராது. யானைக்குத் தீவனம் குறையும். பக்கத்து ராகி வயல் கண்ணுல படும்.

மேலோட்டமா வெட்டினா மறுபடி துளிர்க்கும். டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு குழு உருவாக்கிய முறையில், துளிர்விடும் பகுதிக்குக் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகப் போட்டுவிடுவார்கள்.

வேலை அதோடு முடியாது. பறவைகள் விதையைத் திரும்பக் கொண்டுவரும். அதனால் சில வருஷம் புதுக் கன்றுகளைப் பிடுங்கணும். காலி இடத்தில் உள்ளூர்ப் புல், ஆச்சா, உசில் வளரணும். எந்த விதை எந்த மண்ணில், எவ்வளவு மழையில் தாங்கும்? முதுநிலை மாணவர்கள் ஆராய வேண்டிய கேள்வி இதுதான்.

படிக்க ஆசையா? மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் முதுநிலை வனவியல் இருக்கு. பிஎச்.டி-க்கு, பெங்களூரு ‘ஏட்ரீ’ ஓசூர்க்காரர்களுக்குப் பக்கம்தான்.