ஆன்டெனா கடைக்காரர் என்ன ஆனார்?

மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போகும்போது பார்த்திருப்பீர்கள்: தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் துருப்பிடித்த டிஷ்கள், கைப்பிடிச் சுவரோரம் எங்கும் போய்ச் சேராத கறுப்பு ஒயர்கள். சென்னையில் டிவி கடந்து வந்த ஐம்பதாண்டுப் பாதையின் மிச்சம் இவை. இவற்றை விற்றும் மாட்டித் தந்தும் பிழைத்தவர்களின் கதையும் இதற்குள் இருக்கிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது டிவி வாங்கினால் ஆன்டெனாவும் வாங்கியாக வேண்டும். அலுமினியக் குழாய்களை வரிசையாக அடுக்கிய அந்த வடிவம், 1920களில் யாகி, உடா என்ற இரு ஜப்பானியர்கள் கண்டது. சேனலின் அலைநீளத்துக்கு ஏற்பக் குழாயின் நீளமும் இடைவெளியும் மாறும். எனவே கடைக்காரருக்கு வெட்டவும் பூட்டவும் தெரிந்திருக்க வேண்டும். மாடியேறித் திசை பார்த்துத் திருப்பவும் தெரிந்திருக்க வேண்டும். 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், அதைப் பிடிக்க நம் கடலோர ஊர்களில் உயரமான கம்பங்களும் பூஸ்டர்களும் ஏறின. ஒருமுறை வாங்கினால் ஆன்டெனா உங்களுடையது. அதற்கு மாதாமாதம் யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

1991-ல் ஸ்டார் டிவியும் 1993-ல் சன் டிவியும் செயற்கைக்கோள் வழியாக வந்தன. அந்த அலைகளைப் பிடிக்கப் பல அடி அகல டிஷ் தேவைப்பட்டது. வீட்டுக்கு ஒன்று வைக்கக் கட்டுப்படியாகாது. ஒருவர் டிஷ் வைத்தார், தெருவே அவரிடம் ஒயர் இழுத்துக்கொண்டது. ஆன்டெனா விற்றவருக்கு இப்போது வாடிக்கையாளரே மாறினார். வீட்டுக்காரருக்குப் பதில் கேபிள்காரர் வந்து ஆம்ப்ளிஃபயர், ஸ்ப்ளிட்டர், கோஆக்சியல் ஒயர் கேட்டார். சிலர் கடையை வைத்துக்கொண்டே கேபிள்காரராகவும் ஆனார்கள்.

2003 செப்டம்பர் 1 முதல், கட்டணச் சேனல் பார்க்க சென்னையில் செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்று ஆனது. அடுத்து டிடிஎச் வந்தது. அதிக அதிர்வெண்ணில் வலுவான அலைகளை அனுப்பியதால் அறுபது சென்டிமீட்டர் டிஷ்ஷே போதுமானது. பிறகு கேபிளும் முழுக்க டிஜிட்டல் ஆனது. பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 கெடு; சென்னையில் மட்டும் வழக்குகளால் தள்ளிப்போனது.

கடைக்காரருக்கு இதுதான் பெரிய அடி. எந்தச் சரக்கு நல்லது என்று தேர்ந்து விற்ற காலம் போயிற்று. பாக்ஸ், கார்டு, டிஷ் எல்லாம் கம்பெனியுடையவை. அவருக்கு மிஞ்சியது மாட்டும் கூலியும் கமிஷனும். இருந்தும் தொழிலை விடாதவர்கள் உண்டு. இன்று அதே கைகள் ஃபைபர் இழுக்கின்றன, வைஃபை ரவுட்டரும் கண்காணிப்புக் கேமராவும் பொருத்துகின்றன. கருவி எத்தனை முறை மாறினாலும், மாடியிலிருந்து உங்கள் கூடம் வரை ஒயரை எப்படிக் கொண்டுவருவது என்று தெரிந்தவரின் தேவை மாறவில்லை.

மாறியது நம் உரிமை. ஒரு கம்பெனியின் பாக்ஸ் இன்னொரு கம்பெனிக்கு உதவாது. எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் பாக்ஸ் வேண்டும் என்று டிராய் 2020-ல் பரிந்துரைத்தும், கம்பெனி மாறினால் கருவியும் மாற வேண்டிய நிலைதான். மாடியில் டிஷ்கள் குவிவதும் இதனால்தான். 2004-ல் தொடங்கி இன்று டிடி ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் நடக்கும் சேவை மட்டும் பழைய ஆன்டெனாவைப் போன்றது: டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறைச் செலவு, மாதக் கட்டணம் இல்லை.

ஆகவே, அடுத்த இணைப்புக்கு ஆள் வரும்போது, சுவரில் துளை போடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பாக்ஸ் எனக்குச் சொந்தமா, கம்பெனிக்கா? பழைய டிஷ்ஷையும் ஒயரையும் யார் கழற்றி எடுத்துப் போவது? புது ஒயர் வெளிச்சுவரில் தொங்காமல் நம் பொதுக் குழாய்வழியே வருமா? பதில் கிடைத்த பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். மாடி நம் எல்லோருக்கும் பொது.